நீலம் இறங்கிய மூன்று சேலைகள்

பரிமளத்தின் வேலை புது ஜீன்ஸைப் பழசாக்குவது. சிரிக்காதீர்கள். பெல்மதுளைக்குப் போகும் பாதையோரத்து ஆடைத் தொழிற்சாலையில் அதற்கென்றே ஒரு பிரிவு இருந்தது, பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள், மாதம் முடிந்தால் சம்பளமும் வந்தது. தைத்து வரும் கால்சட்டைக்குள் ரப்பர் கால் ஒன்றை நுழைத்து ஊதவைத்து, முழங்காலிலும் தொடையிலும் சேண்ட் பேப்பரால் தேய்த்துத் தேய்த்து நீலத்தை வெளுக்க வைக்க வேண்டும். வெளிநாட்டில் எவனோ ஒருவன், வாழ்நாளில் ஒரு தடவைகூட மண்ணில் முழங்கால் வைக்காதவன், பத்து வருஷம் பாடுபட்டவனைப் போல அதைப் போட்டுக்கொண்டு திரிவான். அந்த மகராசனுக்காகப் பரிமளம் மூன்று வருஷமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் அம்மா சுப்பம்மா, ஓப்பநாயக்கவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் லயம் என்கிற வரிசை வீட்டில் இருந்துகொண்டு கொழுந்து எடுப்பவள். மகளின் வேலை இன்னதென்று தெரிந்த அன்றே தலையில் அடித்துக்கொண்டாள்.

"பழசுதான் வேணும்னா நம்ம லயத்துக்கு வரச் சொல்லுடி! கொடியில கெடக்கிறது பூரா பழசுதான். அள்ளிக்கிட்டுப் போகட்டும்!"

கேலியாகத் தொடங்கிய பேச்சு 2003ஆம் வருஷம் புரட்டாசி மாதம் வினையாகிவிட்டது. தூசியில் நின்று நின்று பரிமளத்துக்கு இருமல் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை இருமினாள். சுப்பம்மா அகப்பையைக் கீழே வைத்தாள்.

"இங்க பாரு. இந்தத் தீவாளிக்குள்ள அந்தத் தூசியை விட்டு நல்ல எடமா பாத்து ஏறு. இல்லாட்டி வந்து தோட்டத்துல பேரைப் பதி. கணக்கப்பிள்ளைகிட்ட நான் சொல்லி வச்சாச்சு."

"சரி, பதியிறேன்!" என்றாள் பரிமளம். அம்மாவின் ரோஷம்தானே மகளுக்கும். வாக்குக் கொடுத்தாயிற்று, இனி சுப்பம்மா விடுவாளா?

ஏறுவதற்கு ஓர் இடம் இருக்கத்தான் செய்தது. கண்ணாடிச் சுவர் போட்ட சாம்பிள் ரூம். புது உடுப்புகளை முதன்முதலாக வெட்டித் தைத்துப் பார்க்கும் அறை. அங்கே வெட்டுகிற வேலையில் இருந்தவள் நபீலா, மாவனல்லைப் பெண், பரிமளத்தோடு ஒரே போர்டிங்கில் ஒரே அறையில் இருந்தவள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பரிமளம் அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்று, தட்டை ஏந்தியபடி உள்ளே பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். ஒரு நாள் மீன் முள்ளைக்கூட விழுங்கிவிட்டாள், அப்படி ஓர் ஆசை.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பனியிலிருந்து ஒரு பெரிய உறை வந்தது. உள்ளே பழங்காலத்து ஓவியங்களின் அச்சுப் படங்கள். ஒவ்வொரு பிரிவும் சீட்டுக் குலுக்கி ஒரு படம் எடுக்க வேண்டும், அதைப் பார்த்து டெனிமில் ஓர் உடுப்புச் செய்ய வேண்டும். படத்தை அப்படியே பார்த்து வரைந்துவைப்பது கூடாது, உங்களுக்கு அது என்னவாகத் தெரிகிறதோ அதைச் செய்யுங்கள் என்று கடிதத்தில் இருந்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை உடுப்பை ஓர் ஆள் உடுத்தி நடந்து காட்டவும் வேண்டும். ஜெயிக்கிற பிரிவில் அந்த உடுப்பைச் செய்தவளுக்குச் சாம்பிள் ரூமில் இடம்.

வெட்டும் பிரிவுக்குப் பொங்கி எழும் கடலலை வந்தது. அவர்கள் அதைக் கீழே விரிந்த கால்சட்டையாக்கினார்கள். இஸ்திரிப் பிரிவுக்கு லேசாகச் சிரிக்கும் ஓர் அம்மா வந்தாள். அவளை ஜாக்கெட்டின் முதுகில் நூலால் தைத்தார்கள். தைத்து முடித்தபோது அந்த அம்மாவுக்குப் பல்வலி வந்த மாதிரி இருந்தது, பாவம். தேய்க்கும் பிரிவுக்கு வந்தது அறுவடை முடிந்த வயலில் குனிந்து கதிர் பொறுக்கும் மூன்று பெண்கள்.

"அனே, இதிலென்ன இருக்கு?" என்றார்கள் கூட வேலை செய்தவர்கள். "பூவுமில்ல, நகையுமில்ல. குனிஞ்சு வேலை செய்ற பொம்பிளைகளைத்தான் தினமும் வீட்டில பாக்குறோமே!" படத்தைச் சுருட்டிப் பரிமளத்தின் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை படத்தை லயத்துக்குக் கொண்டுபோய் அம்மாவுக்கு விரித்துக் காட்டினாள். பக்கத்து வீட்டு அங்கம்மாவும் பிரேமலதாவும் எட்டிப் பார்த்தார்கள். மூன்று பேரும் ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவர்கள். ஒருத்தி மூக்கைச் சிந்தினால் மற்ற இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும்.

"என்னத்தடி தேடுறாளுக? தோடு விழுந்துருச்சா?" என்றாள் சுப்பம்மா.

"கதிர் பொறுக்குறாங்கம்மா."

"அப்ப கங்காணி எங்க?"

"இந்தா, தூரத்துல குதிரையில ஒருத்தன் நிக்கிறான் பாருங்க," என்று பிரேமலதா விரலை வைத்தாள். மூன்று பேரும் அவனைப் பார்த்து ஒரே நேரத்தில் உதட்டைப் பிதுக்கினார்கள்.

அப்போதுதான் அங்கம்மா அந்தச் சொல்லைச் சொன்னாள். "ஏம்மா, இவளுகளும் இடுப்புல படங்கு கட்டியிருக்காளுக பாரேன்."

தேயிலைக் குச்சி சேலையைக் கிழிக்காமலிருக்க, கொழுந்து எடுப்பவர்கள் இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை சுற்றிக் கட்டும் முரட்டுத் துணிதான் படங்கு. சாக்கிலும் கட்டுவார்கள், பிளாஸ்டிக் தாளிலும் கட்டுவார்கள். பரிமளம் படத்தைப் பார்த்தாள், கொடியில் காய்ந்த அம்மாவின் படங்கைப் பார்த்தாள், எழுந்து ஒரு குதி குதித்தாள். கால்சட்டை வேண்டாம், ஜாக்கெட் வேண்டாம். டெனிமில் மூன்று படங்கு! ஒன்றுக்கு ஒருத்தியாக அந்த மூன்று பெண்கள். உடுத்தி நடப்பதற்கு இதோ மூன்று பேர்!

"நாங்களா? கம்பனியிலயா?" என்று மூவரும் வெட்கப்பட்டார்கள். வெட்கம் தேநீர் குடித்து முடிக்கும்வரைதான் நின்றது.

நபீலா கழிவுத் துணியில் மூன்று துண்டு நல்லதாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தாள். பரிமளம் வேலை முடிந்த பிறகு தினமும் ஒரு மணி நேரம் நின்று தேய்த்தாள். அந்தப் படத்தில் வெயில் பெண்களுக்குப் பின்பக்கமிருந்து வருகிறது. முதுகும் தோளும் முக்காட்டின் விளிம்பும் வெளிச்சம், முகம் நிழல். வெளிச்சம் படுகிற இடத்தைத் தேய்த்து வெள்ளையாக்கினாள், நிழலை நீலமாகவே விட்டாள். தூரிகை பிடித்தே அறியாத கை அது. ஆனால் எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு வெளுக்கும் என்பது அந்தக் கைக்குத் தெரிந்த மாதிரி வேறு எந்தக் கைக்கும் தெரியாது. முதல் பெண்ணின் முதுகு வளைவு துணியில் எழும்பி வந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சந்தோஷத்தில் நபீலாவைப் பிடித்துக் கிள்ளியே விட்டாள்.

"யா அல்லாஹ், கையை விடுங்க!" என்று கத்திய நபீலா, துணியைப் பார்த்ததும் அடங்கிப்போனாள். பிறகு சொன்னாள்: "நல்லா இரிக்கி. ஆனா இது இன்னும் கழுவாத துணி, நீலம் கொட்டும். சனிக்கிழமை காலையிலதான் நமக்கு வாஷிங்ல எடம் தந்திரிக்காங்க. அதுவரைக்கும் தண்ணி படாமப் பாத்துக்கோங்க."

ஓரம் மடித்து இடுப்புக் கயிறு வைத்துத் தைப்பதை நானே செய்கிறேன் என்று சுப்பம்மா பிடிவாதமாகச் சொல்லியிருந்தாள். மகளுக்குப் படங்கு தைக்கத் தெரியாதாம். அடுத்த ஞாயிறு பரிமளம் மூன்று துண்டையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "சனிக்கிழமை வரைக்கும் அழுக்குப் படாம வச்சிருங்கம்மா," என்று நூறு தடவை சொன்னாள். அழுக்கைப் பற்றித்தான் சொன்னாள். தண்ணீரைப் பற்றி வாயே திறக்கவில்லை. அங்கேதான் பிழை நடந்தது!

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறி, மேட்டுப் பாதையில் மூச்சு வாங்க நடந்து, லயத்துக்குள் நுழைந்தாள். மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வாசற்கல்லில் மூன்று படங்கும் ஈரமாக விரித்துக் கிடந்தன. வெள்ளையாக இருந்த இடமெல்லாம் வெளிர்நீலம், நீலமாக இருந்த இடமெல்லாம் சாம்பல். வெயிலும் போச்சு, நிழலும் போச்சு. மூன்று பெண்களும் எங்கேயோ மறைந்துபோயிருந்தார்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் தேயிலைச் சாறு கறுப்பு கறுப்பாக ஒட்டியிருந்தது.

"நாசமாக்கிட்டீங்களே! என்னம்மா செஞ்சீங்க?"

"என்னத்தச் செஞ்சோம்? வேலைக்குக் கட்டிக்கிட்டுப் போனோம்," என்றாள் சுப்பம்மா, ஒன்றும் நடக்காதது போல. "துணி பலகை மாதிரி வெறைப்பா இருக்குடி. அதைக் கட்டிக்கிட்டு நாலு பேரு முன்னால நடந்தா சிரிப்பாங்க. நாலு நாள் கட்டினா எளகும்ல?"

"அழுக்காக்காதீங்கன்னு சொன்னேனே!"

"அதனாலதான் படத்தை உள்பக்கமாத் திருப்பிக் கட்டினோம்! எந்தப் புதுப் படங்கையும் அப்படித்தானே கட்டுவோம்? நல்ல பக்கத்தை எவளாவது தேயிலைக்குக் காட்டுவாளா?"

தோட்டத்தில் அப்படித்தான். புதுப் படங்கின் நல்ல பக்கம் முதலில் உள்ளே போகும், பின்பக்கம் தேய்ந்து ஓய்ந்த பிறகுதான் வெளியே வரும். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை, எல்லாருக்கும் தெரியும். கொழுந்தே எடுக்காத பரிமளத்துக்கு மட்டும் தெரியாது. அவள் வாசற்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். சாம்பிள் ரூமின் கண்ணாடிக் கதவு முகத்தில் அடித்துச் சாத்தியது போலிருந்தது. திங்கட்கிழமை கணக்கப்பிள்ளை முன்னால் போய் நிற்க வேண்டியதுதான்.

"நீ எதுக்கு அழுவுற? நாங்கல்ல அழுவணும்!" சுப்பம்மாவுக்குக் கோபம் ஏறிவிட்டது. "நாலு நாளு மழையில நனைஞ்சு ஒன் சீன்ஸ் பூரா எஞ் சேலையில எறங்கிருச்சு. தொவைச்சுப் பாத்தாச்சு, போவுதில்ல. வந்து பாரு!"

மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கொடியைக் காட்டினாள். மூன்று வேலைச் சேலைகள். துவைத்துத் துவைத்து நிறமே போன பழைய சேலைகள். படங்கு இறுக்கிக் கட்டியிருந்த இடத்தில், ஒவ்வொன்றிலும் ஒரு நீலப் பெண்.

பரிமளம் அழுகையைப் பாதியில் நிறுத்தினாள். கிட்டே போனாள். விளிம்புகள் கரைந்து, மழைக்குள் நிற்பவளைப் பார்ப்பது போல ஒருத்தி குனிந்திருந்தாள். நிழலிலிருந்த நீலம் சேலையில் இறங்கியிருந்தது, தேய்த்து வெளுத்த இடத்தில் இறங்குவதற்கு நீலம் இல்லை. அச்சுப் படத்தைப் பார்த்து அவள் தேய்த்தாள், தேய்த்ததை மழை இன்னொரு முறை அச்சடித்துவிட்டது!

ஓடிப்போய் மற்ற இரண்டு சேலையையும் இழுத்து நேராக்கினாள். இடம் வலம் மாறியிருந்ததால் வரிசையையும் மாற்றிக் கொடியில் போட்டாள். மூன்று பெண்களும் ஒன்றாக வந்தார்கள். அங்கம்மா வாயில் கை வைத்தாள். சுப்பம்மா தன் சேலையின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அடியே, இவளுக அந்தப் பக்கம் திரும்பிட்டாளுகடி," என்றாள்.

பரிமளம் அழுத கண்ணோடு சிரித்தாள். "அம்மா, நாளைக்கு இந்தச் சேலையைக் கட்டிக்கிட்டு, மேல படங்கையும் கட்டிக்கிட்டு வாங்கம்மா."

"என்னது? வேலைச் சேலையைக் கட்டிக்கிட்டுக் கம்பனிக்கா? கறையோட? செத்தாலும் மாட்டேன்." மற்ற இருவரும் அதற்கு மேல் நின்றார்கள். நல்ல சேலையென்றால் வருவோம், இல்லாவிட்டால் ஆளை விடு. கெஞ்சினாள், கொஞ்சினாள், மோதிரம் வாங்கித் தருகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். சேலையை வேண்டுமானால் பையில் போட்டுக் கொண்டு போ, எங்களை உடுத்தச் சொல்லாதே என்பதோடு பேச்சு முடிந்தது.

சனிக்கிழமை தொழிற்சாலைக் கன்டீனில் மேசைகளை ஒதுக்கி நடுவே பாதை விட்டிருந்தார்கள். வாஷிங்குக்கு இனி வேலையில்லை, கழுவவும் பரிமளத்துக்கு மனம் வரவில்லை. கொழும்பிலிருந்து அந்தக் கம்பனியின் ஆடை வடிவமைப்பாளர் ஓர் அம்மா வந்திருந்தார். குட்டை முடியும் பெரிய கண்ணாடியுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கடலலைக் கால்சட்டை நடந்தது, கைதட்டல். பல்வலி அம்மாவின் ஜாக்கெட் நடந்தது, கைதட்டலும் சிரிப்பும். சுப்பம்மா, அங்கம்மா, பிரேமலதா மூவரும் கல்யாணத்துக்குப் போகிற சேலையில், தலை நிறையப் பூவோடு, சுவரோரம் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள்.

பரிமளம் சேலைகளையும் படங்குகளையும் ஒரு கயிற்றில் தொங்கவிடப் போனாள். சூப்பர்வைசர் குசுமா மிஸ் மறுப்பாகத் தலையை ஆட்டி, தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டுச் சொன்னார். "தொங்கவிட்டா கணக்கில்ல, நங்கி. ஆள் உடுத்தணும்னுதான் விதி."

பரிமளம் அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இனிக் கெஞ்சுவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். "நானே கட்டுறேன்," என்று நபீலாவிடம் சொல்லிவிட்டு, போட்டிருந்த பாவாடை சட்டைக்கு மேலேயே அம்மாவின் வேலைச் சேலையைச் சுற்றினாள், படங்கை எடுத்து இடுப்பில் வைத்தாள். அவள் படங்கு கட்டியதே இல்லை. கயிற்றை முன்னால் கொண்டுவந்து ரிப்பன் மாதிரி ஒரு முடிச்சுப் போட்டாள். இரண்டு எட்டு வைத்தாள், படங்கு சரிந்தது. மறுபடி கட்டினாள், இப்போது ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் தொங்கியது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

சுவரோரத்திலிருந்து ஒரு குரல் வெடித்தது. "ஐயையோ, இது என்னாடி கட்டு! படங்கு கட்டுற லட்சணமா இது?"

சுப்பம்மா எழுந்து வந்துவிட்டாள். மகள் அழுதபோது அசையாதவள், கெஞ்சியபோது இரங்காதவள், படங்கைத் தப்பாகக் கட்டினால் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. "கழட்டு. கழட்டுடி மானங்கெட்டவளே. இருவத்தெட்டு வருசமா கட்டுறேன், எம் முன்னாலயே இப்படிக் கட்டுறியே! அங்கம்மா, பிரேமா, எந்திரிச்சு வாங்க! இவ நம்ம பேரைக் கெடுத்துருவா!"

மூவரும் உள்ளே போய்ப் பத்து நிமிஷத்தில் வெளியே வந்தார்கள். தலையில் பூ அப்படியே இருந்தது. உடம்பில் வேலைச் சேலை, அதில் குனிந்த நீலப் பெண்கள். படங்கைப் படம் மறையாதபடி ஒரு பக்கமாக ஒதுக்கி, சாம்பல் பூத்த நல்ல பக்கம் வெளியே தெரிய இறுக்கிக் கட்டியிருந்தார்கள். மலையில் நிரை பிடித்து நடப்பது போல மூவரும் சரியான இடைவெளியில் நடந்தார்கள். நாலு நாள் மழை பட்ட துணி காலோடு காலாக இளகி அசைந்தது.

கொழும்பு அம்மா எழுந்து கிட்டே வந்தார். அச்சுப் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார், சேலைகளைப் பார்த்தார். "இதில் இருக்கிற மாதிரி கொஞ்சம் குனிந்து நில்லுங்கள்," என்று சிங்களத்தில் கேட்டார்.

சுப்பம்மாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. "குனிய மாட்டோம்," என்றாள் அதே சிங்களத்தில், மரியாதையாக, ஆனால் ஒரே பிடியாக. "அவங்க கீழ விழுந்ததைப் பொறுக்குறாங்க, குனியிறாங்க. கொழுந்து இருக்கிறது மேல. நாங்க நிமிந்து நின்னுதான் எடுப்போம்."

அந்த அம்மா படத்தைச் சுருட்டி மேசையில் வைத்துவிட்டார். "சரி. சேலையில் இதை அச்சடித்தது யார்?"

பரிமளம் வாயைத் திறப்பதற்குள் சுப்பம்மா மார்பில் கை வைத்துக்கொண்டாள். "நாங்கதான்! தேய்ச்சது மக, அச்சடிச்சது நாங்க மூணு பேரு. ஏழாம் நம்பர் மலை, நாலு நாளு."

"மறுபடியும் இப்படிச் செய்ய முடியுமா?"

"மழை பேஞ்சா ஏன் முடியாது?"

கன்டீனே சிரிப்பில் அதிர்ந்தது. கொழும்பு அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே குசுமா மிஸ்ஸின் காதில் ஏதோ சொன்னார். குசுமா மிஸ் ஒரு தாளோடு வந்து, யார் யார் பெயரை எழுதுவது என்று கேட்டார். நாலு பேரையும் எழுதுங்கள் என்றாள் பரிமளம். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. நபீலா பின்னாலிருந்து அவள் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "அழாதீங்க! திங்கக்கிழமை எனக்குப் பக்கத்து மேசை!"

குசுமா மிஸ் மைக்கைப் பிடித்தார். முதல் பரிசு, தேய்க்கும் பிரிவு. பிறகு தாளைப் பார்த்துப் பெயர்களை வாசித்தார்.

"சுப்பம்மா."

"இருக்கேங்க!"

கூரைத் தகரம் அதிரும்படி வந்தது பதில். தோட்டத்தில் காலை ஆறு மணிக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் பெயர் கூப்பிட்டால் அப்படித்தான் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அன்றைய பெயரும் இல்லை, கூலியும் இல்லை. இருபத்தெட்டு வருஷத்துப் பழக்கம், மைக்கில் கேட்டாலும் வாய் தானாகத் திறந்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். சுப்பம்மா சிரிக்கவில்லை, தலையை நிமிர்த்தி நின்றாள்.

"அங்கம்மா."

"இருக்கேங்க!"

"பிரேமலதா."

"இருக்கேங்க!"

"பரிமளம்."

பரிமளம் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தாள். குசுமா மிஸ் இன்னொரு தடவை கூப்பிட்டார். சுப்பம்மா முழங்கையால் மகளின் விலாவில் ஓர் இடி இடித்தாள்.

"கூப்பிடுறாங்கல்ல? சத்தமாச் சொல்லுடி! ஒம் பேரு இங்கதான் பதிஞ்சிருக்கு!"

"இருக்கேன்!" என்று கத்தினாள் பரிமளம்.